சிறு பீரங்கியும் சிறு நாடும்

ஹட்டனில் இருந்துகொண்டு விமான எதிர்ப்புப் பீரங்கியைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. கொழும்பிலும் திருகோணமலையிலும் விழுந்ததுபோலப் பகை விமானங்களின் குண்டுகள் இந்தத் தேயிலை மலைகளில் விழவில்லை. கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்து மலையேறும் பெண்ணுக்கும், வானத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் பீரங்கிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. இங்கே விளையும் தேயிலையை இங்குள்ளவர்களே குடித்துத் தீர்ப்பதில்லை. இங்குள்ளவர்கள் உண்ணும் அரிசி இங்கே விளைவதுமில்லை. தேயிலை கீழே இறங்குவதும், அரிசி மூட்டை மேலே ஏறுவதுமாகவே மலைநாட்டின் வாழ்வு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அந்த வழியில் ஒரு துறைமுகம் இருக்கிறது. அதற்கப்பால் கடல் இருக்கிறது. அந்தத் துறைமுகத்துக்கும் கடலுக்கும் மேலேயுள்ள ஆகாயத்தை யாரோ காவல் காத்தால்தான் லயத்துக் காம்பராவில் உலை கொதிக்கும். இதை நம் முன்னோர் 1942ஆம் ஆண்டிலேயே கற்றுக்கொண்டார்கள். இன்று உலகம் முழுவதும் அதே பாடத்தை மறுபடியும் படித்துக்கொண்டிருக்கிறது. காட்சிச்சாலைக்குப் போக வேண்டியது என்று பலர் எண்ணியிருந்த இலகு விமான எதிர்ப்புப் பீரங்கி மீண்டும் போர்க்களத்தில் முக்கிய இடம் பெற்றிருக்கிறது. ஆகையால் இதைப் பற்றிச் சிந்திப்பது நமக்கு வீண் வேலையல்ல.

முதலில் இந்தப் பீரங்கியின் தொழில் இன்னதென்று அறிந்துகொள்வோம். விமானத்தை எதிர்க்கும் பீரங்கிகள் இரண்டு வகைப்படும். வெகு உயரத்தில் அணிவகுத்து வரும் விமானங்களை நோக்கிப் பெருங்குண்டுகளை வீசுவது கனரகப் பீரங்கி. தாழப் பறந்தும், தலைகீழாகப் பாய்ந்தும் தாக்க வரும் விமானத்தை நோக்கிச் சிறு குண்டுகளைச் சரமாரியாகப் பொழிவது இலகு பீரங்கி. இரண்டாவது வகையில் உலகப் புகழ் பெற்றது சுவீடன் தேசத்து போபர்ஸ் கம்பெனி 1930களில் உருவாக்கிய 40 மில்லிமீட்டர் பீரங்கி. சுமார் 2 டன் எடை. நான்கு சக்கரங்களின் மேல் லொறியின் பின்னால் இழுத்துச் செல்லலாம். ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய 2 இறாத்தல். நான்கு நான்காகக் கோத்த குண்டுகளை ஒருவர் மேலிருந்து செருகிக்கொண்டே இருக்க, நிமிஷத்துக்குச் சுமார் 120 குண்டுகள் புறப்படும். இரண்டாம் மகாயுத்தத்தில் பிரிட்டிஷ் காலாட்படை டிவிஷன் ஒன்றுக்கு இத்தகைய பீரங்கிகள் 54 கொண்ட ஒரு ரெஜிமெண்ட் துணையாக நின்றது.

இத்தனை பீரங்கிகள் எதற்கு? எத்தனை விமானங்களை வீழ்த்தின என்று எண்ணிப் பார்த்து இவற்றின் பயனை அளக்க முற்படுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கவண் வீசும் பெண்ணை நம் இலக்கியம் நன்கு அறியும். மாலையில் அவள் எத்தனை கிளிகளைக் கொன்றாள் என்று வீட்டார் கேட்பதில்லை. தினை மிஞ்சியதா என்றுதான் கேட்பார்கள். இலகு பீரங்கியின் தொழிலும் அதுவே. பாலத்தையோ, படைவீரர் நிரையையோ குறி தவறாமல் தாக்க வேண்டுமானால் விமானி தாழ வந்தாக வேண்டும். எதிரே குண்டுகள் தொடர்ந்து வெடிக்கும்போது அவன் கை நடுங்குகிறது. உரிய தாழ்வுக்கு வருமுன்பே குண்டைக் கழற்றிவிட்டு மேலெழும்புகிறான். குண்டு வயலில் விழுகிறது. விமானம் தப்பிவிட்டது, ஆனால் பாலமும் வீரர்களும் தப்பிவிட்டார்கள். பீரங்கியின் வெற்றி அதுதான்.

துருப்புக்களின் பாதுகாப்பில் இதன் இடம் எத்தகையது என்பதை நம் மலைப்பாதைகளை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் வழியை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. சமவெளியில் விமானம் வந்தால் வீரர்கள் லொறியை விட்டு இறங்கி நாலாபக்கமும் சிதறலாம். மலைப்பாதையில் சிதற இடமேது? அத்தகைய இடத்தில் இரண்டு பீரங்கிகள் முன்னே சென்று ஒரு வளைவின் மேட்டில் நிற்க, அவற்றின் காவலில் லொறிகள் கடந்து போக, பின்னே இருந்த இரண்டு அடுத்த மேட்டுக்கு முந்திச் செல்ல, இவ்விதம் மாறி மாறி நகர்ந்தால்தான் படை உயிரோடு போய்ச் சேரும். பள்ளத்தில் நிற்கும் பீரங்கி வானத்தின் ஒரு துண்டை மட்டுமே காணும். ஒரு முகட்டுக்குப் பின்னாலிருந்து திடீரென்று எழும் விமானத்தைக் கண்டு, திருப்பி, குறிவைத்துச் சுடுவதற்குள் அது தலைக்கு மேல் வந்துவிடும்.

இங்கேதான் காலத்தின் கணக்கு வருகிறது. மணிக்கு 300 மைல் வேகத்தில் வரும் விமானம் ஒரு மைலை 12 விநாடிகளில் கடக்கும். அந்த 12 விநாடிகளில் ஒரு போபர்ஸ் பீரங்கி 24 குண்டுகள் சுடலாம். அதுவும் சுடுகிறவர்கள் முன்கூட்டியே ஆயத்தமாக நின்றால்தான். ஐந்து நிமிஷ முன்னறிவிப்பு இருந்தால் 25 மைலுக்கு அப்பாலுள்ள விமானத்துக்குத் தயாராகலாம். முன்னறிவிப்பே இல்லாவிட்டால் உலகத்திலேயே சிறந்த பீரங்கியும் வெறும் இரும்புதான்.

இதை மெய்ப்பித்தது 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் தேதி, ஈஸ்டர் ஞாயிறு. அதற்கு முந்திய நான்கு மாதங்களில் நடந்தவற்றை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். 1941 டிசம்பர் 10இல் ‘பிரின்ஸ் ஒவ் வேல்ஸ்’, ‘ரிப்பல்ஸ்’ என்னும் இரு பெருங் கப்பல்களை யப்பானிய விமானங்கள் மலாயாக் கடலில் மூழ்கடித்தன. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. அடுத்தது இலங்கையே என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஏப்ரல் 4ஆந் தேதி மாலை பேர்ச்சல் என்ற கனடிய விமானி தெற்கே கடலில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் சிறைப்பட்டார். அந்த ஒரு செய்தி வந்தும் மறுநாட் காலை நூற்றுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் கொழும்பின் மேல் வந்தபோது, இரத்மலானையில் சண்டை விமானங்கள் இன்னும் தரையில் நின்றன. ராடார் என்னும் புதுச் சாதனம் அங்கே இருந்தும் உரிய வேளையில் அபாய அறிவிப்பு வரவில்லை.

துறைமுகத்தில் இரண்டு கப்பல்கள் மூழ்கின. அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரியின் மேலும் குண்டுகள் விழுந்தன. அன்றே தென்கடலில் ‘கோர்ன்வால்’, ‘டோர்செட்ஷயர்’ என்னும் இரு குரூசர் கப்பல்கள் நானூறுக்கு மேற்பட்ட மாலுமிகளோடு அழிந்தன. ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதன் தலைக்கு மேல் அச்சமயம் காவலாக ஒரு சண்டை விமானமும் இல்லை. கொழும்பில் வீழ்த்தப்பட்டதாகப் பறைசாற்றப்பட்ட யப்பானிய விமானங்களின் தொகை, யுத்தம் முடிந்து யப்பானியப் பதிவுகளைப் பார்த்தபோது வெகுவாகக் குறைந்து போயிற்று. ஆயினும் முன்னெச்சரிக்கையாகப் பெரும்பாலான கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பியிருந்தமையால் நாசம் ஓரளவு மட்டுப்பட்டது. ஆகவே பேர்ச்சலின் செய்தி காப்பாற்றிய அளவுக்குப் பீரங்கிகள் காப்பாற்றவில்லை என்பதே என் அபிப்பிராயம்.

இந்தத் தாக்குதலின் எதிரொலி மலைநாட்டுக்கு எவ்விதம் வந்தது? கொழும்பை விட்டு மக்கள் கூட்டங் கூட்டமாக வெளியேறினார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த இந்தியத் தொழிலாளர் பலர் வேலையை விட்டு ஊர் நோக்கிப் புறப்பட்டார்கள். தேயிலையை ஏற்றவும் அரிசியை இறக்கவும் கைகள் குறைந்தன. பர்மா பகைவர் வசமானதும் பர்மா அரிசி நின்றது. தோட்டங்களில் கோதுமை மாவும் கிழங்கும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. அக்காலத்தில் குடிமக்கள் பாதுகாப்புக்கும் உணவுக்கும் ஆணையாளராக இருந்தவர் ஒருவரே, சேர் ஒலிவர் குணதிலக்க. இது தற்செயலாக நேர்ந்த ஏற்பாடென்று எனக்குத் தோன்றவில்லை. வானத்தைக் காப்பதும் வயிற்றைக் காப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள் என்பதை அந்தப் பதவிகள் சொல்லாமற் சொல்லின.

சுதந்திரத்துக்குப் பின் 1949இல் இலங்கை இராணுவம் அமைக்கப்பட்டபோது அதன் முதற் பீரங்கிப் பிரிவே விமான எதிர்ப்பு ரெஜிமெண்டாகத்தான் தோன்றியது. 1942இன் நினைவு அப்போது பசுமையாக இருந்தது. காலஞ் செல்லச் செல்ல அந்த நினைவு மங்கிற்று. 2007 மார்ச் 26ஆந் தேதி நள்ளிரவில் விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மீது குண்டு வீசித் திரும்பிச் சென்றபோது நாடு திடுக்கிட்டது. ஏப்ரல் மாத இறுதியில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதி ஆட்டம் நடந்த இரவில் மறுபடியும் வந்தன; கொழும்பில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது; இருண்ட வானத்தில் பீரங்கிக் குண்டுகளின் ஒளிக்கோடுகள் மட்டும் தெரிந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து 2009 பெப்ரவரி 20ஆந் தேதி வந்த இரண்டு விமானங்களில் ஒன்று கட்டுநாயக்கவுக்கு அருகே சுடப்பட்டு வீழ்ந்தது. மற்றது கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தின் மேல் மோதியது. 2007இல் திகைத்து நின்ற காவல் 2009இல் விழித்து நின்றது. இடையே வந்து சேர்ந்தவை ராடாரும், பயிற்சியும், யார் எப்போது சுடுவது என்ற கட்டளை ஒழுங்குமே.

அதே ஆண்டுகளில் வடக்கே என்ன நடந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அங்கே வானத்திலிருந்து விழுந்த குண்டுகளுக்கு மக்கள் கண்ட ஒரே அரண் வீட்டு முற்றத்தில் வெட்டிய பதுங்குகுழி. பீரங்கி படையைக் காத்தது, தளத்தைக் காத்தது, குடிமக்களை யார் காத்தார்கள் என்ற கேள்வி அங்கே பதிலின்றி நின்றது. மேலும், வானத்தை நோக்கிச் செய்யப்பட்ட இந்தப் பீரங்கியின் குழாயைத் தாழ்த்தினால் அது மனிதரை நோக்கிச் சுடும். பர்மா யுத்தத்தில் யப்பானியரின் மண்ணரண்களின் மீது அவ்விதமே பயன்பட்டது. நம் உள்நாட்டுப் போரிலும் பயன்பட்டது. கவணும் அப்படித்தானே? கிளியை ஓட்டுகிற கல் மனிதன் தலையையும் உடைக்கும். ஆயுதத்துக்குத் தர்மம் கிடையாது. அதை நிறுத்துகிற இடத்திலும் திருப்புகிற திசையிலும்தான் தர்மம் இருக்கிறது.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். பல ஆண்டுகளாக வல்லரசுகள் ஏவுகணையையே நம்பி, இலகு பீரங்கிகளைக் கைவிட்டு வந்தன. 2022இல் ரஷ்யா உக்ரெயின் மீது படையெடுத்த பிறகு காட்சி மாறிற்று. ஷாஹெத் என்ற ஈரானிய ஆளில்லா விமானம் ஒன்றின் விலை 20,000 முதல் 50,000 டொலர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். அதை வீழ்த்த ஒரு பேட்ரியட் ஏவுகணையை அனுப்பினால் சுமார் 40 இலட்சம் டொலர் செலவு. கொசுவை அடிக்க வீட்டைக் கொளுத்துவது போன்ற கணக்கு இது. எந்தக் கஜானாவும் தாங்காது. ஆகவே ஜெர்மனி சேவையிலிருந்து நீக்கிவிட்ட ‘கெபார்ட்’ என்னும் இரட்டைக் குழாய் 35 மில்லிமீட்டர் பீரங்கி வண்டிகளைத் தூசி தட்டி உக்ரெயினுக்கு அனுப்பியது. சிறிய லொறிகளில் இயந்திரத் துப்பாக்கியும் ஒளிவிளக்கும் ஏற்றிக்கொண்டு சுற்றும் காவற் குழுக்கள் அங்கே தோன்றின. இதில் சிறு நாடுகள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. கெபார்ட்டின் குண்டுகளில் ஒரு பகுதி சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. நடுநிலைமையைக் காரணங் காட்டி அவற்றை உக்ரெயினுக்குக் கொடுக்க அந்நாடு சம்மதிக்கவில்லை. ஜெர்மனி தன் நாட்டிலேயே புதிதாக உற்பத்தி தொடங்க நேர்ந்தது. பீரங்கியைத் தானமாகப் பெற்றவன் குண்டுக்கு யாரிடம் கையேந்துவான் என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும்.

நமக்கு அண்மையிலுள்ள உதாரணம் இந்தியா. 2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மோதல் மூண்டபோது, மே 8ஆந் தேதி இரவு 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 வரையான ஆளில்லா விமானங்கள் வந்தன என்று இந்தியத் தரப்பு அறிவித்தது. அவற்றை எதிர்த்து நின்றவற்றில் புதிய ஏவுகணைகளோடு, போபர்ஸ் வழிவந்த எல்-70 பீரங்கிகளும், இரட்டைக் குழாய் 23 மில்லிமீட்டர் பீரங்கிகளும் இருந்தன. எல்-70 பிறந்தது இரண்டாம் மகாயுத்தம் முடிந்த சில ஆண்டுகளுக்குள். அந்தப் பழைய குழாய்க்கு இரவிலும் காணும் புதிய கண்ணைப் பொருத்தியிருந்தார்கள். செங்கடலிலும் இதே கதை. 2024 ஜனவரி 30ஆந் தேதி ஹூதிகள் ஏவிய ஏவுகணை ஒன்று ‘கிரேவ்லி’ என்ற அமெரிக்கக் கப்பலுக்கு ஏறக்குறைய ஒரு மைல் தூரம் வரை வந்துவிட்டது. கடைசியில் அதை வீழ்த்தியது ஆறு குழாய்களைக் கொண்ட 20 மில்லிமீட்டர் பீரங்கியே.

செங்கடல் என்றதும் நம் தேயிலை நினைவுக்கு வர வேண்டும். ஐரோப்பாவுக்குப் போகும் நம் சரக்குக்குச் சூயஸ் வழியே குறுக்கு வழி. 2023இன் இறுதியில் அங்கே தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போகத் தலைப்பட்டன. நாளும் கூலியும் ஏறின. ஈராக், ரஷ்யா, துருக்கி, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவை நம் தேயிலையை வாங்கும் முன்னணி நாடுகள். ஈரானுக்குப் பட்ட எண்ணெய்க் கடன் 25 கோடி டொலருக்கு மேற்பட்டதைத் தேயிலையாகத் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் நம் அரசு உடன்பட்டது. இந்த நாடுகளின் பெயர்களைப் படத்தில் தொட்டுப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் ஆகாயத்தில் அபாயம் நின்ற பிரதேசங்களே பெரும்பாலும் அவை. 2025 ஜூன் 23ஆந் தேதி கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை வீசிய இரவில், வளைகுடாவில் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போயிருக்கும் பிள்ளைகளை நினைத்து இங்கே எத்தனை தாய்மார் கலங்கியிருப்பார்கள்! தோட்டத்தை விட்டுப் போனவர்களும், தோட்டத்தில் நின்றவர்கள் பறித்த கொழுந்தும் ஒரே ஆகாயத்தின் கீழ்தான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

அப்படியானால் நம் மலைகளிலும் பீரங்கிகளை நாட்ட வேண்டுமா? உக்ரெயினில் 2022 அக்டோபர் முதல் மின்சார நிலையங்களே குறியாக இருப்பதைக் காணும்போது, காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் லக்சபான மின்னிலையங்களும் இருக்கும் இந்தப் பிரதேசத்தில் அந்தக் கேள்வி எழுவது இயல்பே. இன்று அதற்கு அவசியம் இல்லை என்பது என் கருத்து. சமாதான காலத்தில் அணைக்கட்டின் மேல் பீரங்கியை நிறுத்துவது பயத்தை விதைப்பதாகும். ஆனால் ஆபத்துக் காலம் வந்தால் எந்த முகட்டில் எது நிற்கும் என்ற திட்டம் மட்டும் காகிதத்தில் ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் ஒரு நிபந்தனையும் எழுதப்பட வேண்டும்: லயங்களுக்கு அருகே பீரங்கி நிற்கக் கூடாது. பீரங்கி நிற்கும் இடத்தைப் பகைவன் தேடி அடிப்பான். அது மட்டுமன்று, மேலே போன இரும்பு கீழே வந்தே தீரும். காற்றில் வெடித்த குண்டின் சிதறல் தகரக் கூரையைத் துளைக்கும்போது அது நண்பனுடையதா பகைவனுடையதா என்று பார்ப்பதில்லை.

பீரங்கியைவிட முந்தி வேண்டியது முன்னறிவிப்பு என்று மேலே சொன்னேன். இந்த விஷயத்தில் மலைநாட்டுக்குக் கசப்பான அனுபவம் ஒன்று அண்மையிலேயே உண்டு. 2025 நவம்பர் இறுதியில் ‘டிட்வா’ புயலின் மழையில் மலைகள் சரிந்தன. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள் பெருந்துயர் அடைந்தன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையில் கிடைக்கவில்லை என்ற குறை அப்போது பரவலாக எழுந்தது. வானிலிருந்து வந்தது மழை. அது வருவதற்குச் சில நாட்கள் அவகாசம் இருந்தது. அந்த அவகாசத்திலேயே ஒரு வாக்கியத்தை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுவர முடியாத அமைப்பு, 12 விநாடிகளில் ஒரு மைல் கடந்து வரும் அபாயத்தை எவ்விதம் அறிவிக்கப் போகிறது?

போர்த் தளவாடம் வாங்குகிறவர்கள் குழாயின் நீளத்தையும் குண்டின் வேகத்தையும் விலையையும் பேசுவார்கள். பேசட்டும். சிறு நாட்டுக்குச் சிறு பீரங்கி ஏற்றதே. விலை தாங்கும், பழகுவது எளிது, பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை வேறு சில உண்டு. அபாயத்தை முதலில் காணும் கண் எங்கே இருக்கிறது? அந்தச் செய்தி தோட்டத்துக் கடைசி லயத்துக்கு, அங்குள்ளவர்களுக்கு விளங்கும் மொழியில், எத்தனை நிமிஷத்தில் வந்து சேரும்? வந்து சேர்ந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் ஒதுங்க இடம் எது? சிறந்த காவல் என்பது கூலிக்கு நிற்கும் வீரனையும் கொழுந்து பறிக்கும் பெண்ணையும் ஒரே கணக்கில் வைத்து எண்ணுவது. நம் பிரதிநிதிகள் பாதுகாப்புச் செலவுக்குக் கை தூக்குமுன் இந்த மூன்று கேள்விகளையும் சபையில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வருவார்களானால், மலைநாட்டு மக்கள் செலுத்தும் வரிப்பணத்துக்கு அது ஒரு நியாயமாகும்.